டென்ஸ் திருத்த 'நீலப் புத்தகம்' போதுமா? ரேமண்ட் மர்ஃபியின் இலக்கண நூல்: தமிழ் பேசுபவர்களுக்கான மதிப்புரை

ஆங்கிலம் ஓரளவு வரும், டென்ஸ்தான் காலை வாரிவிடுகிறது என்பவர்களுக்கு ஆசிரியர்கள் பெரும்பாலும் கைகாட்டுவது 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்' என்ற புத்தகத்தைத்தான். ரேமண்ட் மர்ஃபி எழுதியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1985-இல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தது. 2019-இல் வந்தது ஐந்தாம் பதிப்பு. இங்கே சொல்லும் பாட எண்கள் எல்லாம் அதில் உள்ளவை. அட்டை நீலமாக இருப்பதால் பலருக்கும் அது வெறும் 'நீலப் புத்தகம்'. அதே வரிசையில் தொடக்கநிலைக்குச் சிவப்பு, மேல்நிலைக்குப் பச்சை.

மொத்தம் 145 பாடங்கள். ஒவ்வொன்றும் எதிரெதிராக இரண்டே பக்கம்: இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. முதல் 25 பாடங்கள் டென்ஸுக்கு. 1 முதல் 4 வரை பிரசன்ட், 5-உம் 6-உம் பாஸ்ட், 7 முதல் 14 வரை பிரசன்ட் பெர்ஃபெக்ட், 15-உம் 16-உம் பாஸ்ட் பெர்ஃபெக்ட், 17 ஹேவ் காட், 18 யூஸ்டு டு, 19 முதல் 25 வரை ஃபியூச்சர். இந்த மதிப்புரை அந்த 25 பாடங்களைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விதியைச் சுருக்கமாக, குழப்பமில்லாமல் சொல்வதில் இந்தப் புத்தகத்துக்கு நிகராகக் கடையில் அதிகம் இல்லை. ஆனால் இது உலகத்தில் எந்தத் தாய்மொழிக்காரர் கையில் எடுத்தாலும் ஒரே புத்தகம். தமிழ் பேசுபவர் எங்கே இடறுவார் என்று இதற்குத் தெரியாது. அதனால் அட்டை முதல் அட்டை வரை வரிசையாகப் படித்தால் உங்களுக்குத் தேவையில்லாத இடத்தில் நேரம் போகும், தேவையான இடம் ஒரு வரியில் கடந்துபோகும்.

பள்ளியில் டென்ஸ் என்றால் 12 கட்டம் போட்ட அட்டவணை, 'கோ, வென்ட், கான்' என்று ராகம் போட்டு ஒப்பித்தல், வெர்ப் ஒன்று, வெர்ப் இரண்டு, வெர்ப் மூன்று. 'ரென் அண்ட் மார்ட்டின்' என்ற இலக்கண நூலை வைத்துப் படித்தவர்களுக்கு விதியை முதலில் படித்து உதாரணத்துக்குப் பிறகு வரும் பழக்கம். நீலப் புத்தகத்தில் இது தலைகீழ். முதலில் ஒரு சூழ்நிலை, ஒரு படம், சில பாடங்களில் நேற்று-இன்று-நாளை என்று ஒரு கோடு. அதற்குப் பிறகுதான் விதி. 12 கட்டத்தை வரிசையாக நிரப்பிக்கொண்டு போகும் வேலையே கிடையாது. மொத்தமாகப் பார்க்க வேண்டுமென்றால் பின்னிணைப்பு 2-இல் பிரசன்ட், பாஸ்ட் வடிவங்களும், பின்னிணைப்பு 3-இல் ஃபியூச்சரும் தொகுத்துத் தரப்பட்டிருக்கின்றன. 'வில் ஹேவ் பீன் டூயிங்' என்ற பன்னிரண்டாவது கட்டத்துக்குத் தனிப்பாடமே இல்லை. அது குறையல்ல. அன்றாடப் பேச்சில் அந்த வடிவம் தேவைப்படும் இடம் மிகக் குறைவு. அட்டவணை நிரம்ப வேண்டும் என்பதற்காக அதை மனப்பாடம் செய்த நேரம் பெரும்பாலும் வீண்தான். ஒரு சின்ன எச்சரிக்கை: பள்ளியில் 'சிம்பிள் பாஸ்ட்' என்று படித்தது இங்கே 'பாஸ்ட் சிம்பிள்'. பெயர் மட்டும்தான் திரும்பியிருக்கிறது.

எட்டுப் பாடங்களைப் பிரசன்ட் பெர்ஃபெக்ட்டுக்கே ஒதுக்கியிருப்பது சரியான கணக்கு. தமிழர்களுக்கு மிகப் பெரிய பள்ளம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பள்ளம் எதனால் என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால்தான் பாடம் பிடிபடும்.

பலர் மனதில் இருக்கும் கணக்கு இது: 'போயிருக்கேன்' என்றால் 'ஹேவ் கான்', 'போனேன்' என்றால் 'வென்ட்'. பாதி நேரம் இது தப்பு. தமிழில் '1998-ல ஒரு தடவை ஊட்டிக்குப் போயிருக்கேன்' என்று ஆண்டையும் சேர்த்துத் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ஆண்டோ, தேதியோ, 'நேற்று' என்றோ முடிந்துபோன ஒரு நேரம் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் 'ஹேவ்' வெளியே போக வேண்டும். நேர்முகத் தேர்வில் நாள்தோறும் கேட்கும் பிழை இதுதான்: 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.இ. இன் 2019'. 2019 என்ற எண் வந்த பிறகு 'ஐ கம்ப்ளீட்டட்' மட்டும்தான் சரி. ஆண்டைச் சொல்லாமல் 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.இ.' என்றால் அதுவும் சரி. பாடம் 13-உம் 14-உம் இதற்காகவே இருக்கின்றன. இந்த இரண்டையும் மற்றப் பாடங்களைப் போல இரு மடங்கு நேரம் எடுத்துப் படிக்க வேண்டும்.

மறுபக்கம், தமிழில் 'இருக்கேன்' வராத இடங்களில் ஆங்கிலம் 'ஹேவ்' கேட்கும். 'சாவியைத் தொலைச்சுட்டேன்', 'சாப்டுட்டேன்', 'அவர் கிளம்பிட்டார்'. இந்த 'ட்டேன்', 'ட்டார்' என்பதற்குள் 'முடிந்துவிட்டது, அதன் விளைவு இப்போது இருக்கிறது' என்ற பொருள் அடங்கியிருக்கிறது. பாடம் 7 சொல்வதும் அதே பொருளைத்தான்: 'ஐ'வ் லாஸ்ட் மை கீ', அதாவது இப்போது என்னிடம் சாவி இல்லை. பேச்சுத் தமிழில் 'ட்டேன்' வரும் வாக்கியத்தில் நேரம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 'ஹேவ்' போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். 'நேத்தே சாப்டுட்டேன்' என்று நேரம் சேர்ந்தால் பாஸ்ட் சிம்பிளுக்குத் திரும்புங்கள்.

அடுத்தது 'மூணு வருஷமா இங்க வேலை பாக்கறேன்'. தமிழில் இது நிகழ்காலம். அப்படியே எடுத்துப் போட்டால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று வரும். ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள். முதல் பிழை வினையில்: முன்பு தொடங்கி இப்போதும் நடப்பது என்பதால் 'ஐ'வ் பீன் வொர்க்கிங்'. இரண்டாவது பிழை 'சின்ஸ்' என்ற சொல்லில்: கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. 'மூணு வருஷமா' என்றால் 'ஃபார்', '2021-லேருந்து' என்றால் 'சின்ஸ்'. தமிழில் 'ஆ' வந்தால் 'ஃபார்', 'லேருந்து' வந்தால் 'சின்ஸ்' என்று வைத்துக்கொண்டால் பத்தில் ஒன்பது தடவை தப்பாது. பாடம் 11, 12 இரண்டும் இந்த ஒரே வாக்கியத்தைச் சரிசெய்யத்தான். 'சின்ன வயசுலேருந்து அவரைத் தெரியும்' என்பதும் இங்கேதான் வரும்: 'ஐ'வ் நோன் ஹிம் சின்ஸ் சைல்ட்ஹுட்'. 'நோ' என்பது 'இங்' ஏற்காத வினை என்பதால் 'பீன் நோயிங்' ஆகாது.

பாடம் 8-இல் ஓரமாக இருக்கும் ஒரு பகுதியைத் தவறவிடாதீர்கள். 'இப்பதான் முதல் தடவையா இங்க வரேன்' என்பதை நம்மில் அநேகர் 'திஸ் இஸ் தி ஃபர்ஸ்ட் டைம் ஐ ஆம் கமிங் ஹியர்' என்கிறோம். 'ஐ'வ் கம் ஹியர்' அல்லது 'ஐ'வ் பீன் ஹியர்' என்பதே சரி. புத்தகம் இதற்குச் சில வரிகள்தான் ஒதுக்கியிருக்கிறது. தமிழ் வாசகருக்கென்று எழுதியிருந்தால் அரைப்பக்கம் கொடுத்திருக்க வேண்டிய இடம்.

பாஸ்ட் பெர்ஃபெக்ட் பாடம் 15-இல். விளக்கம் பிசகில்லாதது: கடந்த காலத்தில் ஒரு புள்ளி, அதற்கும் முன்னால் நடந்தது 'ஹேட்' போட்டு வரும். ஆனால் தமிழர்களுக்கு இங்கே இருக்கும் சிக்கல் வடிவம் தெரியாததல்ல, அளவுக்கு மீறிப் போடுவது. 'போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன்' என்பது இயல்பான தமிழ். அடுத்து ஏதோ சொல்லப்போகிறார் என்ற முன்னோட்டம் மட்டும்தான் அதில் இருக்கிறது. அதை 'ஐ ஹேட் கான் டு மதுரை லாஸ்ட் வீக்' என்றால் கேட்பவர், எதற்கு முன்னால் என்று காத்திருப்பார். அலுவலக மெயில்களில் 'ஐ ஹேட் சென்ட் தி ஃபைல் ஆன் மண்டே' என்று எழுதுவதும் இதே பழக்கம்தான். 'ஐ வென்ட்', 'ஐ சென்ட்' போதும்.

வேடிக்கை என்னவென்றால், 'ஹேட்' கட்டாயம் வேண்டிய இடத்தில் தமிழ் அதற்கான சாடை எதையும் காட்டாது. 'நான் போய்ச் சேர்றதுக்குள்ள டிரெய்ன் கிளம்பிடுச்சு.' இங்கே 'கிளம்பியிருந்தது' என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் 'தி டிரெய்ன் ஹேட் லெஃப்ட் பை தி டைம் ஐ காட் தேர்'. எனவே வினையின் வாலைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வாக்கியத்தில் 'அதுக்கு முன்னாடியே' என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் 'ஹேட்', பொருந்தாவிட்டால் பாஸ்ட் சிம்பிள். மதுரை வாக்கியத்தில் அது பொருந்தாது, ரயில் வாக்கியத்தில் பொருந்தும். பாடம் 15-இன் பயிற்சிகள் இந்த மிகைப் பயன்பாட்டைக் குறிவைக்கவில்லை. அதனால் பயிற்சியில் முழு மதிப்பெண் வாங்கியவர்கூட அடுத்த நாள் மெயிலில் 'ஐ ஹேட் சென்ட்' என்றே எழுதுவார்.

பழக்கத்தைச் சொல்லும் வாக்கியங்களில் இன்னொரு கண்ணி. தமிழில் எதிர்கால வடிவமே வழக்கத்தையும் சொல்லும்: 'தினமும் காலையில ரெண்டு காபி குடிப்பேன்'. இதை 'ஐ வில் டிரிங்க்' என்று சொன்னால், இனிமேல் குடிக்கப்போவதாகத் தீர்மானம் எடுத்ததுபோல் கேட்கும். பாடம் 2 பழக்கத்துக்குப் பிரசன்ட் சிம்பிள் என்று தெளிவாகச் சொல்கிறது, 'வில்' பற்றி அங்கே எச்சரிக்கை இல்லை. பாடம் 2 படிக்கும்போது ஓரத்தில் நீங்களே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: குடிப்பேன், போவேன், எந்திரிப்பேன் என்பதோடு 'தினமும்' வந்தால் 'வில்' கூடாது. எதிர்மறையிலும் இதே கதை. 'அவன் மீன் சாப்பிட மாட்டான்' என்று பழக்கத்தைச் சொன்னால் 'ஹி டஸ்ன்ட் ஈட் ஃபிஷ்'. 'ஹி வோன்ட் ஈட் ஃபிஷ்' என்றால் தட்டில் வைத்தும் வேண்டாம் என்று அடம்பிடிக்கிறான் என்ற தொனி வந்துவிடும். அந்த மறுப்புப் பொருள் பாடம் 21-இல் இருக்கிறது.

கடந்தகாலப் பழக்கத்துக்கும் தமிழ் அதே வடிவத்தை எடுக்கும்: 'சின்ன வயசுல லீவுக்குத் தாத்தா ஊருக்குப் போவோம்'. இதற்கு 'வி யூஸ்டு டு கோ', பாடம் 18. அதையே 'வி வுட் கோ' என்றும் சொல்லலாம். அது பாடம் 36-க்குள் இருக்கிறது, டென்ஸ் பகுதியில் தேடினால் கிடைக்காது. 18-ஐப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 'ஐ யூஸ்டு டு கெட் அப் அட் சிக்ஸ்' என்று இன்றைய பழக்கத்தைச் சொல்பவர்கள் நம் ஊரில் ஏராளம். ஆங்கிலத்தில் அதற்கு 'முன்பு எழுந்தேன், இப்போது இல்லை' என்று பொருள். 'யூஸ்டு டு'வுக்கு நிகழ்கால வடிவம் கிடையாது என்று புத்தகமும் நேராகவே சொல்கிறது. 'பழகிவிட்டது' என்ற பொருள் தரும் 'ஐ'ம் யூஸ்டு டு' வேறு. அது பாடம் 61.

இந்த 25 பாடங்களில் தமிழருக்கு மிகக் குறைவாக உதவும் பகுதி எதிர்மறை. தமிழின் 'வரல' என்ற ஒரே சொல் மூன்று காலத்துக்கும் ஓடும். 'நேத்து வரல', 'இன்னும் வரல', 'நாளைக்கு வரல'. ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று டென்ஸ்: 'ஹி டிட்ன்ட் கம் யெஸ்டர்டே', 'ஹி ஹேஸ்ன்ட் கம் யெட்', 'ஹி இஸ்ன்ட் கமிங் டுமாரோ'. உறுதி வாக்கியத்தில் டென்ஸ் சரியாகப் போடுபவர்கூட எதிர்மறையில் 'தி மெயில் இஸ் நாட் கேம்' என்று சறுக்குவது இதனால்தான். தமிழ் வினையில் காலத்தைக் காட்டும் அடையாளமே இல்லாததால் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் போகிறது. புத்தகத்தில் எதிர்மறை என்பது ஒரு வடிவம்: 'நாட்' எங்கே வரும், 'டிட்'டுக்குப் பிறகு வினை எப்படி மாறும். எந்த எதிர்மறையைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கென்று பயிற்சி இல்லை. இதற்கு வீட்டு வைத்தியம்தான்: 'வரல', 'கிடைக்கல', 'சொல்லல', 'முடியல' என்று நீங்கள் அன்றாடம் சொல்லும் பத்து வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'நேத்து', 'இன்னும்', 'நாளைக்கு' போட்டு ஆங்கிலமாக்குங்கள். சில வினைகளுக்கு மூன்றாவது பொருந்தாது. பொருந்துபவற்றை மட்டும் செய்தால் போதும்.

ஃபியூச்சர் பகுதி, 19 முதல் 25 வரை, இந்தப் புத்தகத்தின் மிக நல்ல பகுதி என்று சொல்லலாம். பள்ளி இலக்கணம் ஃபியூச்சர் என்றால் 'ஷல், வில்' என்று நிறுத்திக்கொள்ளும். இங்கே ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டது ('ஐ'ம் மீட்டிங் ஹிம் அட் ஃபோர்'), மனதில் முடிவெடுத்துவிட்டது ('ஐ'ம் கோயிங் டு பை எ பைக்'), அந்த நொடியில் தோன்றியது ('ஐ'ல் கெட் இட்') என்று மூன்றையும் பிரித்து, பாடம் 23-இல் கடைசி இரண்டையும் மோதவிட்டுக் காட்டுகிறார்கள். தமிழில் மூன்றுக்கும் 'பாக்கறேன்', 'வாங்கறேன்', 'எடுத்துட்டு வரேன்' என்று நிகழ்காலமே ஓடுவதால், யாராவது பை தூக்கச் சிரமப்படும்போது 'ஐ ஆம் டேக்கிங்' என்று சொல்லிவிடுகிறோம். அங்கே 'ஐ'ல் டேக் இட்'.

பாடம் 25 இரண்டு பக்கம்தான், அதைத் தவிர்க்கவே கூடாது. 'வென்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'இஃப்' என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் எதிர்காலப் பொருள் இருந்தாலும் 'வில்' வராது. தமிழர் இங்கே இரண்டு திசையில் வழுக்குவார். 'நீ வரும்போது சொல்றேன்' என்பதில் 'வரும்' எதிர்கால வடிவம் என்பதால் 'வென் யூ வில் கம்' என்று ஒரு வழுக்கல். 'அவர் வந்த பிறகு சொல்றேன்', 'வந்ததும் சொல்றேன்' என்பதில் 'வந்த' இறந்தகால வடிவம் என்பதால் 'ஆஃப்டர் ஹி கேம், ஐ வில் டெல் யூ' என்று மறுபக்க வழுக்கல். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: 'வென் யூ கம்', 'ஆஃப்டர் ஹி கம்ஸ்'. 'மழை வந்தா போக மாட்டேன்' என்பதையும் 'இஃப் இட் ரெயின்ஸ்' என்றே சொல்ல வேண்டும். 'இஃப் இட் ரெயின்ட்' எப்போது வரும் என்பது பாடம் 38.

டென்ஸ் பகுதிக்கு வெளியே இருந்தாலும் 47, 48 பாடங்களைக் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் 'வரேன்னு சொன்னான்' என்று அவன் சொன்னதை அப்படியே 'ன்னு' போட்டு ஒட்டிவிடுகிறோம். அதனால்தான் 'ஹி டோல்ட் தட் ஐ ஆம் கமிங்' என்று வருகிறது. கேட்பவர் நீங்கள் வருகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். 'ஹி செட் ஹி வாஸ் கமிங்'.

இனி புத்தகத்தின் பெரிய குறை. பயிற்சிகள் அந்தந்தப் பாடத்துக்குள்ளேயே அடைபட்டவை. தலைப்பில் பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று போட்டிருக்கிறது, கீழே கோடிட்ட இடம். யோசிக்காமல் 'ஹேட்' போட்டால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விடைப் பகுதியைப் பார்த்து எல்லாம் சரி என்று டிக் போட்டுக்கொண்டு போய்விடலாம், கற்றது ஒன்றுமிருக்காது. நிஜமான வேலை வாங்குபவை இரண்டு வடிவத்தை எதிரெதிராக வைக்கும் பாடங்கள்: 3, 4, 10, 13, 14, 23. அதற்கும் மேலே, புத்தகத்தின் பின்பகுதியில் 'கூடுதல் பயிற்சிகள்' இருக்கின்றன. பல பாடங்களைக் கலந்து கேட்கும் அந்தப் பக்கங்களைப் பலர் திறப்பதே இல்லை. அதுதான் உண்மையான தேர்வு. 1 முதல் 6 முடித்ததும் ஒன்று, 14 முடித்ததும் ஒன்று, ஃபியூச்சர் முடித்ததும் ஒன்று என்று அங்கே போய் வர வேண்டும்.

விடைப் பகுதி விடையை மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. சில கேள்விகளுக்கு 'அல்லது' என்று இரண்டு விடைகள் இருக்கும். நீங்கள் எழுதியது இரண்டில் ஒன்றாக இருந்தாலும் மற்றதையும் வாசியுங்கள். எங்கே தேர்வு நம் விருப்பம், எங்கே கட்டாயம் என்பது அப்படித்தான் புரியும்.

பின்னால் 'ஸ்டடி கைட்' என்று ஒரு பகுதி உண்டு. விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தப்பினால் எந்தப் பாடம் படிக்க வேண்டும் என்று எண் பக்கத்திலேயே இருக்கும். முதல் நாளே அதன் டென்ஸ் கேள்விகளை மட்டும் செய்துபாருங்கள். ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். தப்பிய எண்களை ஒரு துண்டுத்தாளில் குறித்தால் அதுவே உங்கள் பாடத்திட்டம்.

அப்படிச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் இந்த வரிசையில் போகலாம்: 1 முதல் 6, பிறகு 18, பிறகு 19 முதல் 25. அதற்குப் பிறகுதான் 7, 8, 13, 14. அவை மனதில் நின்ற பிறகு 11, 12, 9, 10. கடைசியில் 15, 16. பிரசன்ட் பெர்ஃபெக்ட்டைப் பின்னால் தள்ளுவதற்குக் காரணம், பாஸ்ட் சிம்பிள் கையில் உறுதியாக இல்லாதவருக்கு அதோடு ஒப்பிடும் பாடங்கள் குழப்பத்தையே கூட்டும். 17-ஐ ஒருமுறை வாசித்தால் போதும், 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்று சொல்லும் பழக்கம் இருப்பவர்கள் மட்டும் 4-ஐயும் 17-ஐயும் சேர்த்துப் படியுங்கள்.

ஒரு பாடத்துக்கு முக்கால் மணி நேரம் வையுங்கள். இடப்பக்கத்தை வாய்விட்டு வாசிக்கப் பத்து நிமிடம், பயிற்சிக்கு இருபது, மீதி நேரம் அந்த வடிவத்தில் உங்கள் வேலை, வீடு, ஊர் பற்றி ஐந்து வாக்கியம் எழுத. விடையைப் புத்தகத்தில் எழுதாமல் நோட்டில் எழுதினால் இரண்டு வாரம் கழித்து அதே பயிற்சியை மறுபடி செய்யலாம். முதல் தடவையைவிட இரண்டாவது தடவைதான் எது நிற்கவில்லை என்று காட்டும். வாரத்துக்கு நான்கு பாடம் என்றால் 25-உம் ஏழு வாரத்துக்குள் முடியும். ஒரே நாளில் ஐந்து பாடம் முடிக்கும் ஆர்வம் வேண்டாம். பாஸ்ட் சிம்பிளும் பிரசன்ட் பெர்ஃபெக்ட்டும் ஒரே நாளில் நுழைந்தால் இரண்டும் கலங்கும்.

உதாரணங்கள் எல்லாம் சுருக்க வடிவத்தில் இருப்பது பேச்சுக்கு நல்லது, காதுக்குச் சிரமம். 'ஹி'ஸ்' என்பது 'ஹி இஸ்' ஆகவும் இருக்கலாம், 'ஹி ஹேஸ்' ஆகவும் இருக்கலாம். பின்னால் 'கோயிங்' வந்தால் முதலாவது, 'கான்' வந்தால் இரண்டாவது. இந்தச் சின்ன 'ஸ்', 'வ்' காதில் விழாததால்தான் பலர் பேசும்போது 'ஐ பீன் தேர்' என்று 'ஹேவ்'வையே விழுங்கிவிடுகிறார்கள். பின்னிணைப்பு 5 சுருக்கங்களுக்காக இருக்கிறது. மின்நூலோடு சேர்ந்து வரும் பதிப்பில் ஒலிப்பதிவும் உண்டு. அது இருந்தால் கண்ணை மூடிக் கேட்டு, கேட்டதை முழு வடிவத்தில் எழுதிப் பழகலாம்.

இது பிரிட்டிஷ் ஆங்கிலம். 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி', 'யெட்' இவற்றோடு பிரிட்டிஷ்காரர்கள் 'ஹேவ்' போடும் இடத்தில் அமெரிக்கர்கள் பாஸ்ட் சிம்பிளும் போடுவார்கள்: 'ஐ ஜஸ்ட் ஹேட் லன்ச்'. அமெரிக்க வாடிக்கையாளர்களோடு வேலை செய்பவர்கள் பின்னிணைப்பு 7-ஐ முதலிலேயே ஒருமுறை பார்த்துவிட்டால், எதிர்முனையில் பேசுபவர் தப்பு செய்கிறார் என்று நினைக்க மாட்டார்கள்.

யாருக்கு வேண்டாம்? 'ஐ டிட்ன்ட் வென்ட்' என்று இன்னும் வருகிறதென்றால் நீலப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். விளக்கம் முழுவதும் ஆங்கிலத்திலேயே இருப்பதால் வாசிப்பதே பாரமாகிவிடும். சிவப்பு அட்டை போட்ட 'எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்' 115 பாடங்கள் கொண்டது; அதில் 5 முதல் 8, 10 முதல் 12 வரை முடித்துவிட்டு நீலத்துக்கு வரலாம். வங்கித் தேர்வு, அரசுப் பணித் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளுக்காக மட்டும் வாங்குபவர்களுக்கும் இது முழுப் பலன் தராது. அங்கே விரும்பிக் கேட்கும் 'நோ சூனர் ஹேட்... தேன்', 'ஹார்ட்லி ஹேட்... வென்' போன்றவை இந்த 25 பாடங்களில் இல்லை. அதற்கு ரென் அண்ட் மார்ட்டின் வகைப் புத்தகமே வசதி. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதுபவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். அந்தத் தேர்வின் எழுத்திலும் பேச்சிலும் மதிப்பிடும் நான்கு அளவுகோல்களில் இலக்கணம் ஒன்று.

வாங்கும்போது அட்டையில் 'வித் ஆன்சர்ஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பறைக்கென்று விடையில்லாத பதிப்பும் விற்கிறார்கள், தனியாகப் படிப்பவருக்கு அது பயன்படாது. தெற்காசியப் பதிப்பு கிடைத்தால் வெளிநாட்டு அச்சைவிட விலை குறைவு. பழைய புத்தகக் கடையில் நான்காம் பதிப்பு கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம்; டென்ஸ் விதி பதிப்புக்குப் பதிப்பு மாறிவிடவில்லை. மின்நூல் சேர்ந்த பிரதியைப் பழையதாக வாங்கினால் அதற்கான குறியீட்டை முந்தையவர் பயன்படுத்தியிருப்பார் என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். நடைபாதையில் கிடைக்கும் கள்ளப் பிரதிகளில் எழுத்து மங்கி, விதியைத் தனித்துக் காட்டும் வண்ணமும் கட்டமும் கலங்கியிருக்கும். வாங்குமுன் பாடம் 13-ஐத் திறந்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.